இன்வெர்ட்டர் பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

வீட்டு இன்வெர்ட்டருக்குப் பேட்டரி மாற்றும் நேரம் வந்தால் டியூபுலரா (ஈயமும் அமிலமும் கொண்ட வழக்கமான வகை), லித்தியமா என்ற குழப்பமும் வந்துவிடும்.

விலை: டியூபுலர் மலிவு, பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் கழித்தும் தருவார்கள். லித்தியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆயுள்: டியூபுலர் 4, 5 வருடம். நல்ல லித்தியம் (இரும்பு பாஸ்பேட் வகை) 10 வருடம் வரை.

கொள்ளளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) டியூபுலரின் சார்ஜைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். 100 ஏ.எச். லித்தியத்தில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். ஆக, சின்ன எண் போட்டதுதான் உண்மையில் கொஞ்சம் அதிகம் தருகிறது!

எடை: அந்த டியூபுலர் 50 கிலோவைத் தாண்டும், லித்தியம் 15 கிலோவுக்குள்.

பராமரிப்பு: டியூபுலரில் மிதவைக் குச்சி சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், முனையில் பூக்கும் பச்சை உப்பைத் துடைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், காற்றோட்டம் அவசியம். லித்தியத்துக்கு இதெல்லாம் இல்லை.

ஆனால் பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு (லித்தியத்துக்கு ஏற்றபடி சார்ஜ் செய்யும் வசதி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டர் செலவும் சேரும். கடையில் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

எப்போதாவது மின்சாரம் போகிற வாடகை வீட்டுக்கு டியூபுலரே போதும். தினமும் மணிக்கணக்கில் போகிற ஊர், சோலார் வைத்த வீடு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால், கையைக் கடித்தாலும் லித்தியமே வாங்குங்கள்.