ரப்பர் பையா, புட்டியா? சின்ன இன்ஜினுக்கு எந்த டேங்க்?

மாடல் விமானத்தின் கிளோ இன்ஜினுக்கு (சூடான இழை கொண்ட பிளக்கால் பற்றவைக்கும் சின்ன இன்ஜின்) மெத்தனால், விளக்கெண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன் கலந்ததுதான் சாப்பாடு. அதை எதில் ஊற்றிக் கொடுப்பது? உங்கள் இன்ஜினுக்கு த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உண்டா, இல்லையா என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

புட்டி டேங்க் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிளாஸ்டிக் புட்டி, ரப்பர் அடைப்பான், அதில் செருகிய பித்தளைக் குழாய்கள், உள்ளே சிலிக்கோன் ட்யூபின் நுனியில் எரிபொருளை உறிஞ்சும் ஒரு கனமான குண்டு. எரிபொருள் சாயும் பக்கமே குண்டும் சாயும். ஆனால் உள்ளே காற்றும் இருக்கிறதே, அதுதான் வினை. அதிர்வில் நுரைத்து இன்ஜின் இருமும். சுற்றி ஸ்பாஞ்ச் வைக்க வேண்டும். மட்டம் இறங்க இறங்க கலவை லீன் ஆகும், அதாவது எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சும். சைலன்சரிலிருந்து ஒரு ட்யூப் இழுத்து அழுத்தம் கொடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். மூக்கு குத்தி இறங்கினால் குண்டு முன்பக்கம் மடிந்து சிக்கிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை மூக்கைத் தூக்கி ஏறும்போது இன்ஜின் நின்றுவிடும். கார்புரேட்டரோடு மல்லுக்கட்டுவதற்கு முன் டேங்க்கைத் திறந்து பாருங்கள்.

ரப்பர் பையில் இந்தத் தொல்லையே இல்லை. லேட்டக்ஸ் ட்யூபின் ஒரு முனையை இறுகக் கட்டி, ஒரு குமிழிகூட இல்லாமல் சிரிஞ்சால் நிரப்பினால், ரப்பரே பிழிந்து தள்ளும். இன்ஜின் உறிஞ்ச வேண்டியதில்லை என்பதால் காற்று வாயைப் பெரிதாக்கி கூடுதல் சக்தி எடுக்கலாம். கம்பியில் கட்டி ஓட்டும் (கன்ட்ரோல் லைன்) எஃப்2டி காம்பாட் என்ற சண்டைப் பந்தயத்தில் 2.5 சி.சி. இன்ஜினோடு, 15.92 மீட்டர் கம்பியின் முனையில், எதிராளியின் காகித வாலை வெட்டத் துரத்தும்போது எத்தனை பல்டி அடித்தாலும் இன்ஜின் சத்தம் மாறக்கூடாது. அங்கே பைதான் ராஜா.

பலூனில் முதல் ஊதல்தானே கஷ்டம்? இங்கே அதே கணக்கு தலைகீழாக வரும். பை வற்றும் கடைசி நொடிகளில் அழுத்தம் ஏறி, கலவை ரிச்சாகி (எரிபொருள் மிஞ்சி), சத்தம் தடித்து, அப்புறம் நின்றுவிடும்.

சரி, வம்பு எங்கே? பையின் ட்யூபை இறுக்கி வைத்திருக்கும் கிளிப்பை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடாவிட்டால் எரிபொருள் பீச்சி உள்ளே நிரம்பும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் வைத்துச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்து ஓடும் மாடல் டீசல் இன்ஜினுக்கு லேட்டக்ஸ் ஆகவே ஆகாது, ஊறி உப்பிப்போகும். த்ராட்டிலைக் குறைத்தாலும் பை அதே வேகத்தில் அழுத்திக்கொண்டே இருப்பதால், அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் சாதாரண ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) கார்புரேட்டர் மூழ்கிவிடும்.

அதனால் ஆர்.சி.க்கு என் ஓட்டு புட்டிக்குத்தான். புட்டிக்குள்ளேயே பையை வைத்து, இடையில் சைலன்சர் அழுத்தம் கொடுக்கும் குமிழியில்லாத டேங்க்கும் உண்டு, விலை கூடுதல். கன்ட்ரோல் லைன் காம்பாட் என்றால் யோசிக்காமல் பை. பறந்து முடித்ததும் மிச்சத்தை வடித்துவிடுங்கள். நைந்து போனாலும் ஒரு சாண் ட்யூப்தானே!