மிளாவுக்கு எந்தத் துப்பாக்கி? கடையில் கிடைக்கும் மூன்றும் விளையில் கட்டும் கம்பியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், பேச்சிப்பாறை பக்கம் புதிதாக ரப்பர் நட்டு, இடையில் வாழையோ மரச்சீனியோ போட்டவர்கள் துப்பாக்கிக் கடையில் கேட்பது ஒரே கேள்விதான். மிளா என்கிற கடமானுக்கு எது தாங்கும்: ஏர்கனா, ரவை (சிறு ஈயக் குண்டுகள்) சிதறும் பன்னிரண்டு போர் ஷாட்கனா, .315 ரைபிளா? மூன்றையும் இங்கே எடை போட்டிருக்கிறோம். கேள்விக்கான பதிலை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: மானைச் சுட இந்தியாவில் எந்தத் துப்பாக்கியும் செல்லாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் வேட்டை லைசென்ஸ் என்று ஒன்று இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. மிளா, புள்ளிமான், கேளையாடு, சருகுமான் எல்லாம் இதில் அடக்கம். கொன்றால்தான் வேட்டை என்றும் இல்லை. காயப்படுத்துவது, கண்ணி வைப்பது, அதற்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வேட்டைதான்.

பிறகு எதற்குத் துப்பாக்கி விமர்சனம் என்றால், கடையில் "மிளாவுக்கு நல்லது" என்று தலையில் கட்டப்படும் பொருட்களுக்கு உண்மையில் என்ன வேலை, எங்கே பழுதாகும், நம் மாவட்டத்தில் எது வைத்திருக்கத் தக்கது என்று தெரிந்து வாங்குவதற்காக. யூடியூபில் அமெரிக்க மான் ரைபிள் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற ஊர்களில் மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது, அதனால் எந்தத் துப்பாக்கி என்ற சண்டையும் அங்கே ஓயாமல் நடக்கிறது. சண்டைக்கு இரண்டு முனை. ஒன்று, மான் துடிக்காமல் சாக வேண்டும், அதற்கு ஒரு குறைந்தபட்ச வேகமும் எடையும் வேண்டும். இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் ரைபிளுக்கு .240 அங்குல விட்டமும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும், அதாவது சுமார் 2,300 ஜூலும், குறைந்தபட்சம் என்கிறது. சிறு ஜாதி மான்கள் இரண்டுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு. மற்றது, தவறிப்போகும் குண்டு எங்கே போய் விழும் என்பது. அமெரிக்காவின் ஓஹையோ, இல்லினாய் போன்ற சமதள மாநிலங்கள் வெகுகாலம் மானுக்கு ரைபிளையே விடவில்லை, பெரும்பாலும் ஷாட்கன்தான். ஓஹையோ 2014இலும் இல்லினாய் 2023இலும் கதவைச் சற்றுத் திறந்தபோதும், பெரும்பாலும் பக்கம் ஒடுங்காத நேர்க்கூடு தோட்டா போடும் ரைபிள்களைத்தான் அனுமதித்தன. கழுத்து ஒடுங்கிய கூட்டுத் தோட்டாவின் குண்டு போல இதன் குண்டு தொலைவு போகாது என்பது அவர்கள் வாதம். பென்சில்வேனியா 2017இல் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளைச் சிறு பிராணிகளுக்கு அனுமதித்தது, மானுக்கு மறுத்துவிட்டது.

இந்த இரண்டாவது முனைதான் நமக்கு உறைக்க வேண்டியது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். விளைக்கு (தோட்டத்துக்கு) நடுவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் அடுத்தவர் விளை. விடியும் முன்பே நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு பால் வெட்டும் ஆட்கள் மரத்துக்கு மரம் நிற்பார்கள். மிளா இறங்குவதும் அந்த நேரத்தில்தான்.

முதலில் ஏர்கன். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அதிகம் விற்பது இது. 2016 ஆயுத விதிகளின்படி .177, அதாவது 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்டிருந்தால் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். .22 விட்டம் என்றால் ஆற்றல் குறைவாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். இதைச் சொல்லாமலேயே விற்கும் ஆட்கள் உண்டு. ரசீதில் விட்டமும் ஆற்றலும் எழுதி வாங்குங்கள். குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் மாதிரிதான் பரவலாகக் கிடைப்பது. அரை கிராம் பெல்லட்டை விநாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் தள்ளினால் 13, 14 ஜூல் வரும். இங்கிலாந்து மானுக்குக் கேட்கும் 2,300 எங்கே, இது எங்கே! மிளாவின் தோலில் பட்டால் புண் வைக்கும், புழு வைக்கும். மிளா அப்போதைக்கு ஓடும், நாலாம் நாள் திரும்ப வரும். காயப்படுத்திய குற்றம் மட்டும் மிஞ்சும்.

பத்து மீட்டரில் காகித இலக்குக்குச் சுட்டுப் பழக என்றால் நல்ல பொருள்தான். ஆனால் பராமரிப்பில் நம் ஊர்க்காரர் செய்யும் தவறுகள் மூன்று. ஸ்பிரிங்கை ஏற்றி வைத்துவிட்டு மணிக்கணக்கில் சாத்தி வைப்பது ஒன்று. ஸ்பிரிங் தளர்ந்து வேகம் இறங்கும். பெல்லட் இல்லாமல் இழுத்துப் பார்ப்பது இன்னொன்று. எதிரே காற்றுத் தடை இல்லாததால் பிஸ்டன் ஓங்கி முட்டி சீல் கிழியும். மூன்றாவது தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று கையில் கிடைத்ததைக் காற்றுத் துளைக்குள் விடுவது. அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடித்து டமார் என்று வெடிக்கும், புகை வரும். "பவர் கூடிருச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள், சீல் கருகுவது தெரியாமல். ஸ்கோப் மாட்டுவதென்றால் ஏர்கனுக்கென்றே செய்ததை மாட்டுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்குமாக இரண்டு உதறு உதறும், சாதாரண ஸ்கோப்பின் குறுக்குக் கம்பி சில நாளில் அறுந்துவிடும்.

அடுத்து பன்னிரண்டு போர். பயிர்ப் பாதுகாப்பு என்ற வார்த்தையைச் சட்டமே சொல்லும் இடம் இதுதான். 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிரைக் காக்க, குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே மரை வெட்டாத குழல் துப்பாக்கிக்கும் தரலாம். ரைபிள் அந்த வரிக்குள் வரவே இல்லை. அமெரிக்கச் சமதள மாநிலங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தனவோ, நம் சட்டமும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது.

வாய்வழித் துப்பாக்கியை இன்று யாரும் வாங்க வேண்டாம். கரிமருந்தின் மிச்சம் ஈரத்தை இழுக்கும். இரண்டு பருவமழையும் கொட்டும் நம் ஊரில் சுட்ட அன்றே கழுவாவிட்டால் குழல் அரிக்கும். கெட்டித்ததை மறந்து மேலே இன்னொரு மருந்து போட்டால் குழல் வெடித்து விரல் போகும். மருந்தைப் பற்றவைக்கும் கேப் நனைந்தால் தாமதமாக வெடிக்கும், அதற்குள் ஆள் குழல் வாயை எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர் உருப்படியான பொருள். பாகங்கள் குறைவு, குழலை மடித்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று எதிரில் நிற்பவருக்கும் தெரியும். குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். வாங்கும்போது, தோட்டா அமரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டரா 70ஆ என்று குழலில் குத்தியிருப்பதைப் பாருங்கள். 65 அறைக்குள் 70 தோட்டாவும் நுழைந்துவிடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். காகிதக்கூடுத் தோட்டா கிடைத்தால் மழைக்காலத்துக்கு வைத்திருக்காதீர்கள். ஈரத்தில் ஊதிப்போய் அறையில் சிக்கும். பிளாஸ்டிக் கூடு பரவாயில்லை. நாகர்கோவில் வரை கடற்காற்று வீசும் ஊர் இது. துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு மாதக்கணக்கில் வைத்தால் துரு நிச்சயம். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பூட்டும் பீரோவில் நிமிர்த்தி வையுங்கள். தோட்டா தனிப் பூட்டில்.

இதன் எல்லையும் தெரிய வேண்டும். ரவை ஒரு கஜத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் பரவும் என்பது பழைய கைக்கணக்கு. நாற்பது கஜத்தில் ஒரு மீட்டர் அகலம் வந்துவிடும், பெரிய ரவையாக இருந்தால் மிருகத்தின் மேல் ஒன்றோ இரண்டோதான் படும். அதனால்தான் இங்கிலாந்தில்கூட மானுக்கு ஷாட்கன் பொதுவாகக் கூடாது. நிலத்துக்காரர் பயிர்ச் சேதத்துக்காகச் சுடும்போது மட்டும் விலக்கு. அப்போதும் பன்னிரண்டு போருக்குக் குறையக்கூடாது, குண்டு ஒற்றையாக இருந்தால் 22.68 கிராம், ரவையாக இருந்தால் ஒவ்வொன்றும் .203 அங்குல விட்டமாவது இருக்க வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி அளந்த விலக்கு எதுவும் கிடையாது. வனவிலங்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பயிரையோ உயிரையோ கெடுக்கும் விலங்கைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் வைத்திருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கி கையில் இருப்பது அந்த அனுமதி ஆகாது. வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டுவதையும் நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்: ஆறாம் எண் ரவை 200 மீட்டர் தாண்டியும் இறங்கும், பெரிய ரவை 600 மீட்டர் வரை போகும்.

.315 ரைபிளுக்கு ஒரு பத்தியே அதிகம். இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைச் சரக்கு, பழைய ராணுவ ரைபிளின் போல்ட் அமைப்பு, 244 கிரெய்ன் குண்டு. ஆற்றல் 3,000 ஜூல் அளவில். வெளிநாட்டில் மான் வேட்டைக்குத் தாராளமாகப் போதும் என்பார்கள். இங்கே பாலமோர் சரிவில் தவறிய குண்டு கிலோமீட்டர்களைக் கடந்து எந்த வீட்டு ஓட்டில் இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. விளைக்காரருக்கு இது வேண்டவே வேண்டாம்.

லைசென்ஸுக்கு அலைய நினைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் தர, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தின் மலைப்பக்கத்தைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருக்கிறது. மிளா வரும் விளை அந்தப் பத்துக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். மலையடிவாரத்து மனுக்கள் கலெக்டர் ஆபீஸில் நீளுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிடைத்தாலும் தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனில்தான் இருக்கும். சரணாலயத்துக்குள் வேட்டைக்குப் பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

"பன்றிக்கு மட்டும் விட்டிருக்கிறார்களே" என்பார்கள். 2022இல் கேரளம் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் அந்தச் சட்டம், இந்தப் பக்கம் வேறு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அறிவித்ததன்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3க்கு வெளியே சுடலாம். அதுவும் வனத்துறை ஆட்கள்தான், விளைக்காரர் இல்லை. மிளா அதில் இல்லவே இல்லை.

ஆக மிளாவுக்குப் பணம் போட வேண்டிய பொருள் சோலார் வேலி. வேளாண் பொறியியல் துறையில் மானியம் கேட்டுப் பாருங்கள். 2023 மின்வேலி விதிகள் வந்த பிறகு காட்டோரத்தில் வேலி போட வனத்துறையின் முன் அனுமதியும் பதிவும் வேண்டும், கம்பிக்கு மின்துடிப்பு அனுப்பும் எனர்ஜைசர் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் விடுவது கொலைக்குச் சமம், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கம்பி 2.5 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு). பன்றிக்குக் கீழே 20, 40 சென்டிமீட்டரில் இரண்டு கம்பி. மிளா ஆளுயர வேலியைத் தாண்டும், அதனால் மேல்கம்பி 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. வேலி செத்துப் போவது பெரும்பாலும் எர்த்தில்தான். 2 மீட்டர் ஜி.ஐ. கம்பிகள் மூன்றை 3 மீட்டர் இடைவெளியில் அடியுங்கள். செம்பாறை மண்ணில் பங்குனி, சித்திரையில் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சோதிக்க, நூறு மீட்டர் தள்ளி இரும்புக் கம்பிகளைச் சாய்த்து வேலியை மண்ணோடு சேர்த்து அழுத்தத்தை 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறக்குங்கள். அப்போது எர்த் கம்பியில் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னொரு கம்பி அடிக்க வேண்டும். சாதாரண நேரத்தில் வேலியின் கடைசி முனையில் 5,000 வோல்ட்டாவது நிற்க வேண்டும்.

பேனலை ரப்பர் மர நிழலில் மாட்டிவிட்டு "பேட்டரி நிற்கவில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், திறந்த வெளிக்கு ஒயர் இழுங்கள். சித்திரை, ஐப்பசி இடி மின்னலுக்கு, மின்னலை மண்ணுக்கு இறக்கும் அரெஸ்டர் இல்லாமல் எனர்ஜைசர் தப்பாது. மழை தொடங்கியதும் கீழ்க்கம்பியில் புல்லும் தொட்டாவாடியும் ஏறும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை செதுக்க ஆள் கிடைக்காத விளையில், அந்த மாதங்களுக்கு மட்டும் கீழ்க்கம்பியைத் தனியே அணைக்க ஒரு சுவிட்சை முதலிலேயே வைக்கச் சொல்லுங்கள். மேல்கம்பிகள் மிளாவுக்கு உயிரோடு இருக்கும்.