ஆடிவேல் நெரிசலில் வாடகை வோக்கி-டோக்கி: ஒரு தொண்டர் அணியின் மதிப்பீடு

முருகனின் வேலை ரதத்தில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுசெல்லும் ஆடிவேல் விழா நாட்களில், கொழும்பின் காலி வீதியோரம் தண்ணீர்ப்பந்தல் அமைத்து, ரதத்தின் முன்னும் பின்னும் கயிறு பிடித்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர் அணிகளுள் ஒன்றைச் சேர்ந்தவன் நான். புறக்கோட்டை செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்படும் வேளையிலும், பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலை அது நெருங்கும் வேளையிலும்தான் ஒருவரோடு ஒருவர் பேசவேண்டிய தேவை எங்களுக்கு அதிகம். கையடக்கத் தொலைபேசி கைவிடுவதும் மிகச் சரியாக அந்த இரண்டு வேளைகளிலேதான். ஆகவே இம்முறை புறக்கோட்டையில் உள்ள ஒரு வாடகை நிலையத்தில் வோக்கி-டோக்கிகளை எடுத்துப் பயன்படுத்தினோம். கருவிகளையும், வாடகைச் சேவையையும் பற்றிய மதிப்பீடு இது. நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. கொழும்பில் இத்தொழிலைச் செய்வோர் பலரிடமும் ஏறக்குறைய ஒரே வகைக் கருவிகளே இருப்பதால், கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி எங்கு எடுத்தாலும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாடகைப் பணத்துக்கு இது தகும். ஆனால் கருவியை விட, அதனுடன் வரும் காதுக்கருவியும், கருவிகளைத் தயார்ப்படுத்தித் தருபவரின் அக்கறையுமே அந்தத் தகுதியைத் தீர்மானிக்கின்றன. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடப்படும் கிலோமீற்றர் கணக்கைப் பார்த்துத் தெரிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள்.

தொலைபேசி ஏன் நெரிசலில் பயனற்றுப் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எதை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பதும் புரியும். ஒரு தொலைபேசிக் கோபுரம் தாங்கக்கூடிய அழைப்புகளுக்கும் தரவுக்கும் எல்லை உண்டு; அந்தப் பகுதியில் வழக்கமாக இருக்கும் சனத்தொகையைக் கணக்கிட்டே அது அமைக்கப்படுகிறது. ரதத்தைப் பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காணொளி அனுப்ப முற்பட்டால், திரையில் சமிக்ஞைக் கோடுகள் நிறைந்து நின்றாலும் அழைப்பு இணையாது. வோக்கி-டோக்கி கோபுரத்தின் வழியே போவதில்லை. ஒரு கருவியிலிருந்து புறப்படும் அலை நேரே மற்றக் கருவிகளை அடைகிறது. அதைவிட முக்கியமானது, ஒருவர் பேசினால் அதே சனலில், அதாவது அதே அலைவரிசையில், உள்ள அனைவரும் அதே கணத்தில் கேட்கிறார்கள் என்பது. "பந்தல் மூன்றில் தண்ணீர் முடியுது" என்ற ஒரு வசனத்தைத் தொலைபேசியில் சொல்வதானால் ஐந்து பேருக்குத் தனித்தனியே எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். நிலையத்தார் எங்களுக்கு முதலில் எடுத்துக் காட்டியது சிம் அட்டை போடும் வகைக் கருவியை. பார்வைக்கு அதுவும் வோக்கி-டோக்கி போலவே இருக்கும். பொத்தானை அழுத்திப் பேசலாம். "யாழ்ப்பாணத்திலிருந்து காலி வரை கேட்கும்" என்று சொல்லியே அதை வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கருவி இயங்குவது அதே தொலைபேசிக் கோபுரங்களின் தரவு இணைப்பில்தான் என்பதால், உங்கள் தொலைபேசி எப்போது திணறுகிறதோ அப்போது இதுவும் திணறும். கொட்டாஞ்சேனையிலிருந்து அன்னதானப் பொருட்களை ஏற்றிவரும் லொறிச் சாரதிக்கு அது பொருத்தம். ரதத்தின் பக்கத்தில் நிற்பவருக்குப் பொருத்தமே இல்லை. கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஸெல்லோ போன்ற செயலிகளுக்கும் இதே குறைபாடு உண்டு.

நாங்கள் எடுத்தவை 400 முதல் 470 மெகாஹேட்ஸ் வரையான யூ.எச்.எஃப் (மீயுயர் அலைவரிசை) வகைக் கருவிகள். திரை கிடையாது, மேலே ஒலியளவுக்கு ஒரு திருகி, 16 சனல்களுக்கு ஒரு திருகி, பக்கத்தில் பேசும் பொத்தான், அவ்வளவுதான். திரை இல்லாததைக் குறையாக நினைப்பவர்கள் இருக்கலாம். கூட்டத்தின் நடுவே, வியர்த்த கையால், அதிகம் பழக்கமில்லாத ஒருவர் இயக்கவேண்டிய பொருளில் அழுத்திக் குழப்புவதற்குப் பொத்தான்கள் குறைவாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. சனலை மாற்றும்போது ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் இலக்கத்தைச் சொல்கிறது. முதியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, இளைஞர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

தூரத்தைப் பற்றி. செட்டியார் தெருவுக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே நேர்கோட்டில் பார்த்தாலே ஐந்து கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். கையில் பிடிக்கும் கருவி, அது ஐந்து வாற்று வலு கொண்டதாக இருந்தாலும், இந்தத் தூரத்தைக் கொழும்பின் கட்டடங்களுக்கு ஊடாகக் கடக்காது. நகைக் கடைகள் இருபுறமும் நெருங்கி நிற்கும் செட்டியார் தெருவிலிருந்து பேசியவரின் குரல், கோட்டைப் பக்கம் போகும்போது கரகரக்கத் தொடங்கி, காலிமுகத்திடலுக்கு முன்பே அற்றுப்போனது. அதே கருவிகள் காலிமுகத்திடலின் திறந்த வெளியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டன. கொள்ளுப்பிட்டியில் உயர்ந்த கட்டடங்கள் தொடங்கியதும் மறுபடியும் தூரம் சுருங்கியது. இந்த அலைகளுக்குப் பார்வைக்கோடு முக்கியம். மனித உடலும் அவற்றை விழுங்கும். எனவே நெரிசலில் இடுப்பில் செருகிய கருவியை விட நெஞ்சுயரத்தில் தொங்கும் கருவி நன்றாகவே வேலை செய்யும். நீண்ட தூரம் வேண்டுமானால் வந்த அலையை வலுவூட்டித் திருப்பி அனுப்பும் ரிப்பீற்றரை உயரமான கட்டடம் ஒன்றில் வைக்க வேண்டும். அதற்கு இரண்டு அலைவரிசைகளும், வேறு அனுமதியும், கூடுதல் வாடகையும் தேவை. நாங்கள் அதைத் தவிர்த்து, வழியில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஒரு தொண்டரை அமர்த்தி, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைத்தோம். எங்கள் அளவுக்கு அது போதுமாக இருந்தது.

காதுக்கருவியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் முழு முயற்சியும் வென்றதும் தோற்றதும் அங்கேதான். நாதஸ்வரமும் தவிலும் இரண்டு முழ தூரத்தில் ஒலிக்கும்போது கருவியின் சொந்த ஒலிபெருக்கியை எவ்வளவு உயர்த்தினாலும் ஒன்றும் கேட்காது. தோளில் கொளுவும் ஒலிவாங்கியும் ரதத்தின் அருகே பயன்படவில்லை. அது பந்தல்களில் நிற்பவர்களுக்குச் சரி. மெய்ப்பாதுகாவலர்கள் அணிவதைப் போன்ற, கண்ணாடி நிறச் சுருள் குழாய் கொண்ட காதுக்கருவிதான் ரதத்தோடு நடப்பவர்களுக்கு வேண்டியது. அது ஒரு காதை மட்டும் அடைப்பதால் மற்றக் காதில் கூட்டத்தின் சத்தத்தையும் கேட்க முடிகிறது. எங்களுக்குத் தரப்பட்டவற்றின் ஒலி குறைசொல்ல முடியாதபடி இருந்தது. ஆனால் காதுக்குள் செருகும் இரப்பர் முனைகள் முன்னர் யாரோ பயன்படுத்தியவை. சுத்தம் செய்த அடையாளமே இல்லை. கேட்டபோது நிலையத்தார் சிரித்துவிட்டுப் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துத் தந்தார்கள். இந்த முனைகள் மிகவும் மலிவானவை; வாடகைக்கு விடுபவர் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றித் தருவதே முறை. நீங்கள் எடுப்பதானால் முனைகளைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்று, குரல் கேட்டதும் தானாகவே ஒலிபரப்பைத் தொடங்கும் வொக்ஸ் என்னும் வசதி. கைகள் ஓய்வில்லாத வேலைகளுக்கு உதவும் என்று சொல்லப்படும் இதை, திருவிழாவில் கண்டிப்பாக அணைத்து வைக்க வேண்டும். ஒரு கருவியில் மட்டும் அது அணைக்கப்படாமல் வந்துவிட்டது. அதை வைத்திருந்தவர் தவிற்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றதும், கருவி தவிலொலியைக் குரலென்று எடுத்துக்கொண்டு ஒலிபரப்பத் தொடங்க, எங்கள் சனல் முழுவதும் தனி ஆவர்த்தனம் ஆகிவிட்டது. ஒருவர் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்போது மற்றவர் பேசினால் கேட்பவருக்கு வலுவான அலையே கேட்கும் என்பதால், ரதத்தின் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தவிலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. யாருடைய கருவி என்று கண்டுபிடிக்க ஆள் அனுப்பித்தான் தேட வேண்டியிருந்தது. நீண்ட நேரம் ஒலிபரப்பினால் தானாக நிறுத்திவிடும் நேரக்கட்டுப்பாட்டை எல்லாக் கருவிகளிலும் போட்டுத் தரும்படி கேளுங்கள். கணினியில் சில நொடி வேலை அது.

உடையைப் பற்றி நிலையத்தார் யாரும் யோசிப்பதில்லை. இந்தக் கருவிகளின் பின்புறக் கொளுக்கி இடுப்புப் பட்டிக்காகச் செய்யப்பட்டது. எங்கள் தொண்டர்களோ வேட்டியில் நிற்கிறார்கள், பெண் தொண்டர்கள் சேலையில். வேட்டி மடிப்பில் கொளுவினால் கருவியின் பாரத்தில் வேட்டி இறங்குகிறது. அதைப் பிடிக்கும் அவசரத்தில் கை பட்டுச் சனல் திருகி ஒரு படி நகர்ந்துவிடுகிறது. பிறகு அந்தத் தொண்டர் யாருமற்ற சனலில் பேசிக்கொண்டே நிற்பார். கழுத்தில் மாட்டும் நாடா கேட்டு வாங்கிக்கொண்டதும் இரண்டு தொல்லைகளும் தீர்ந்தன. பயன்படுத்தாத சனல்களை நிலையத்தில் வைத்தே அழித்துவிடச் சொன்னால், திருகி நகர்ந்தாலும் கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பும்.

பற்றரியின் மீது குறிப்பிடப்படும் மணிக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு பொதுவாக நூற்றில் ஐந்து பங்கு நேரம் பேசுவதாகவும், ஐந்து பங்கு கேட்பதாகவும், மிகுதித் தொண்ணூறு பங்கு சும்மா இருப்பதாகவும் வைத்துப் போடப்படுவது. திருவிழாச் சனல் சும்மா இருப்பதே அரிது. காலையில் முழுதாக ஏற்றிய பற்றரிகள் மாலையில் ஒவ்வொன்றாகப் பீப் அடிக்கத் தொடங்கின. மேலதிக பற்றரிகளை நிலையத்தார் கட்டணமின்றித் தந்தது பாராட்டத்தக்கது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் விழா வருவதால் தூசி, நீர்த் தெறிப்புப் பாதுகாப்பைக் குறிக்கும் ஐ.பி 54 தரத்திலாவது தூறலைத் தாங்கும் கருவிகளாகக் கேட்டு எடுக்க வேண்டும். எங்களுடையவற்றுக்கு அந்தத் தரம் இல்லாததால் பொலித்தீன் பையில் கட்டித்தான் காப்பாற்றினோம்.

வாடகைக்கு எடுக்காமல் இணையத்தில் மலிவாக வாங்கிவிடலாமே என்று எங்கள் அணியிலும் சிலர் கேட்டார்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, இலங்கையில் வானொலி அலைவரிசையைப் பயன்படுத்துவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் தேவை. ஐரோப்பாவில் 446 மெகாஹேட்ஸ் கருவிகளை அனுமதியின்றிப் பயன்படுத்தலாம் என்பதோ, அமெரிக்காவில் வேறு சில அலைவரிசைகள் திறந்துவிடப்பட்டுள்ளன என்பதோ இங்கு செல்லாது. லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்த சோடியும் அதில் அடங்கும். ஆகவே நிலையத்தாரிடம் அவர்களுடைய அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, விழாப் பொறுப்பாளரின் கடிதத்துடன் சேர்த்துக் கையில் வைத்திருங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் வழிபாட்டிடங்களின் அருகே அன்ரனாவுடன் நடமாடும் ஒருவரைப் பாதுகாப்புத் தரப்பினர் நிறுத்தி விசாரிப்பது இயல்பானது. பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால் சங்கடம் குறையும். நாங்கள் முதலில் அணுகிய வேறொரு கடையில் பிரதியைக் கேட்டதும் "அதெல்லாம் ஒருத்தரும் கேக்கிறதில்லை அண்ணை" என்றார்கள். அங்கே எடுக்கவில்லை.

நாங்கள் எடுத்த நிலையத்தின் சேவையில் மிகச் சிறந்த பகுதி, கருவிகளை ஒப்படைத்த அன்று அவர்களுடைய தொழில்நுட்பவியலாளர் எங்கள் தொண்டர்களுக்கு அளித்த சிறு பயிற்சி. பொத்தானை அழுத்திய பின் ஒரு கணம் பொறுத்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதற்சொல் வெட்டுப்படும் என்பதையும், ஆளின் பெயரைச் சொல்லாமல் நிற்கும் இடத்தைச் சொல்லி அழைக்க வேண்டும் என்பதையும் அவர் விளக்கினார். எங்கள் அணியில் குமார்கள் பலர் இருப்பதால் இரண்டாவது அறிவுரை உடனே பலித்தது. "ரதம் முன், ரதம் முன், பந்தல் மூன்று பேசுறன்" என்று தொடங்கும் பழக்கம் மாலைக்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது. பந்தலில் குழந்தையொன்று தனியே நின்று அழுதபோது, சட்டையின் நிறத்தையும் வயதையும் அனைவரும் ஒரே நேரத்தில் கேட்டதால், இரண்டு பந்தல்களுக்கு அப்பால் தேடிக்கொண்டிருந்த தாயாரைத் தொண்டர் ஒருவர் விரைவிலேயே அடையாளம் கண்டார். மயங்கி விழுபவர்களுக்காக 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைப்பதற்குத் தொலைபேசிதான் வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. வோக்கி-டோக்கி உங்கள் அணிக்குள் மட்டுமே பேசும். நெரிசலுக்கு வெளியே, பக்கத்துத் தெருவில் ஒருவரைத் தொலைபேசியுடன் நிறுத்திவைத்து, அவருக்கும் ஒரு கருவி கொடுத்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சிறு இழுபறி ஏற்பட்டது. கொளுக்கி ஒன்று உடைந்திருந்ததற்காக வைப்புப் பணத்தில் அதன் பெறுமதிக்கு மிஞ்சிய தொகையைக் கழிக்கப் பார்த்தார்கள். எடுக்கும்போதே அது விரிசலாக இருந்ததைக் காட்டும் படம் எங்களிடம் இருந்ததால் விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு கருவியையும் இலக்கம் தெரியும்படி படம் பிடித்த பிறகே கையொப்பமிடுங்கள்.

நான்கைந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஆடிவேல் பார்க்கப் போவதற்கு இதை எடுக்க வேண்டியதில்லை. சந்திக்கும் இடமொன்றைப் பேசி வைத்துக்கொண்டு, அழைப்பு இணையாதபோது குறுஞ்செய்தி அனுப்பினால், சிறிது தாமதமாகவேனும் பெரும்பாலும் போய்ச் சேரும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்ட அணி, இரண்டு மூன்று இடங்களில் பிரிந்து நிற்பதானால் எடுக்கலாம். கங்காராம விகாரையின் நவம் பெரஹெராவும் வெசாக் பந்தல்களும் வரும் மாதங்களில் இதே நிலையங்களின் கருவிகளுக்குக் கேள்வி அதிகம் என்பதால், பெப்ரவரியிலோ மே மாதத்திலோ விழா வைத்திருப்பவர்கள் நேரகாலத்தோடு முற்பணம் கட்டிவிட வேண்டும். ஆடி மாதத்தில் பேரம் பேசவும் இடமிருக்கிறது.