குளியலறைக்கு ஆறு அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன்: பயன்படுத்திப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

வெள்ளவத்தையில் எங்கள் பழைய தொடர்மாடி வீட்டின் குளியலறைக்குக் காற்று வரும் வழி, கட்டடத்தின் உட்புறக் காற்றுக் குழியை நோக்கிய ஒரு சிறிய யன்னல் மட்டுமே. மேல் மூலைகளில் கரும்புள்ளிகளாகப் படர்ந்த பூஞ்சணத்தைத் துடைத்து, அதன் மேல் எத்தனை முறை பெயின்ற் பூசினாலும், ஈரம் தங்கும் வரையில் அது மீண்டும் வரும். ஆகவே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் மடல்கள் கொண்ட ஆறு அங்குல விசிறி ஒன்றை வாங்கி, யன்னலின் மேற்கண்ணாடியை வெட்டிப் பொருத்தினோம்.

விசிறி நன்றாகவே வேலை செய்கிறது. குளித்து முடித்தபின் இருபது நிமிடங்கள் ஓடவிட்டால் நிலைக்கண்ணாடி தெளிந்து, சுவர் ஓடுகளும் காய்ந்துவிடுகின்றன. 30 வாற்று விசிறி தினமும் ஒரு மணிநேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒரு மின் அலகு கூட ஆகாது என்பதால், சிக்கனம் கருதி அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எந்த விசிறியாலும் காற்றை வெளியேற்ற முடியாது. பொருத்திய அன்று யன்னலையும் கதவையும் இறுக மூடிவிட்டு விசிறியின் முன் ஒரு மெல்லிய டிஷூத் தாளைப் பிடித்தபோது அது ஒட்டாமல் கீழே விழுந்தது. கதவின் அடிப்பகுதியை ஓர் அங்குலம் அளவுக்குச் சீவிய பின்னரே தாள் விசிறியின் முகப்பில் பற்றிக்கொண்டது. கடையிலும் சரி, பொருத்த வந்தவரிடமும் சரி, இதைப் பற்றி ஒரு சொல் கூட வரவில்லை. பொருத்த வந்தவர் முதலில், யன்னலுக்குப் பதிலாக, விசிறியின் காற்றை வெளியேற்றும் குழாயைப் பொய்க்கூரைக்கு மேலே விட்டுவிடலாம் என்றும் சொன்னார். அப்படிச் செய்திருந்தால் குளியலறையின் நீராவி கூரைப் பலகைகளில் படிந்து, பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளர்ந்திருக்கும். ஈரக்காற்று கட்டடத்துக்கு வெளியே போயாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஏசி போட்ட படுக்கையறையின் ஈரத்துக்கு இந்த விசிறி தீர்வாகாது. கொழும்பில் வெளிக்காற்று 28 பாகை செல்சியஸிலும் 80 சதவீத ஈரப்பதனிலும் இருக்கும்போது, ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் அதிலுள்ள நீராவி ஒடுங்கி நீர்த்துளியாகிவிடும். ஏசியை 20 பாகையில் வைத்துவிட்டு, அறையோடு இணைந்த குளியலறையின் விசிறியையும் ஓடவிட்டால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளியிலுள்ள ஈரக்காற்று யன்னல் இடுக்குகள் வழியே குளிர்ந்த சுவர்களை நோக்கி இழுக்கப்படும். அத்தகைய அறை உள்ளவர்கள் விசிறியின் வேலை முடிந்தபின் ஏசியைப் போடுவதும், அதை 26 பாகையளவில் வைத்திருப்பதும் நல்லது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வைத்தால் துணிகளில் வாடை குறையும்.

விசிறியில் குறை என்றால், அதனுடன் வரும் திருகாணிகள்தாம். உப்புக் காற்றில் அவை விரைவிலேயே துருவேறி, வெள்ளைச் சட்டகத்தில் பழுப்புக் கறை வழியத் தொடங்கிவிட்டது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இந்த விசிறியைத் தயங்காமல் வாங்கலாம், ஆனால் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளை அதே நாளில் தனியாக வாங்கி, பொருத்த வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.