ஒரே தேடலில் பல நூலகங்கள்: கே.வி.கே. பயன்படுத்திப் பார்த்ததில்

அக்கா மகள் புதுச்சேரி காலாப்பட்டில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கு வந்த பழைய பதிப்புகள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்காக இரண்டு நாள் ஒவ்வொரு நூலகத் தளமாகத் திறந்து அதே பெயரை அடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கே.வி.கே. ஞாபகம் வந்தது.

நம்மூரில் கே.வி.கே. என்றே சொல்லும் குரும்பாபேட்டு வேளாண் நிலையத்தைச் (கிருஷி விஞ்ஞான் கேந்திரா) சொல்லவில்லை. இது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கழக நூலகம் 1996இல் தொடங்கிய தேடல் சேவை, 'கார்ல்ஸ்ரூஹே மெய்நிகர் பட்டியல்' என்பதன் ஜெர்மன் பெயர்ச் சுருக்கம்தான் கே.வி.கே. இலவசம். அதற்கென்று சொந்தமாக ஒரு பட்டியலும் கிடையாது. நாடுவாரியாக நூலகங்களின் பெயர்கள் இருக்கும், வேண்டியதற்கு டிக் போட்டுத் தேடினால் நம் கேள்வியை அத்தனை இடத்துக்கும் அந்த நேரத்திலேயே அனுப்பி, வருகிற பதிலை எந்த நூலகத்துடையது என்று பெயர் போட்டுத் தனித்தனியாகக் காட்டும். தலைப்பைத் தொட்டால் அந்த நூலகத்தின் பக்கத்துக்கே போய்விடலாம்.

எனக்குப் பிடித்ததே இதுதான். முன்பு பயன்படுத்திய இன்னொரு தளம் எல்லாவற்றையும் கலந்து ஒரே புத்தகமாகச் சுருக்கிவிட்டதில், 12 தொகுதிகள் கொண்ட ஆங்கிலப் பதிப்பில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இங்கே ஒரே புத்தகம் நாலைந்து தடவை வரும். வரட்டும், தொகுதி தொகுதியாகத் தேடுபவருக்கு அதுதான் வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம். 1904 முதல் 1928 வரை சென்னையில் வந்த ஆங்கிலப் பதிப்பில் ஆனந்த, ரங்க, பிள்ளை என்று பெயர் மூன்று சொல்லாகப் பிரிந்திருக்கும். 1894இல் பாரிஸில் ழூலியன் வின்சோன் வெளியிட்ட பிரெஞ்சு நூலின் தலைப்பிலோ 'ஆனந்தரங்கப்புள்ளே' என்று சேர்த்து, பிரெஞ்சுக்காரர் வாய்க்கு வருகிற மாதிரி எழுதியிருப்பார்கள். தமிழ்ப் பதிப்புகளை ரோமன் எழுத்தில் பதியும் முறையில் 'ரங்க'வில் ஜி வராது, கே தான் வரும். 'ன'வுக்குக் கீழே கோடு, 'ள'வுக்குக் கீழே புள்ளி. கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தச் சேவையின் வேலை, மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத்தான் தெரியும். அதனால் மூன்று விதமாகவும் அடியுங்கள். பிரெஞ்சு எழுத்தில் தேடும்போது பிரான்ஸ் பகுதியில் சூடாக் பட்டியலுக்கு டிக் போட மறக்காதீர்கள், அந்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் அதில்தான் சேர்ந்திருக்கின்றன.

டிஜிட்டல் நூல்களை மட்டும் தேடும் வசதியும் உண்டு. வின்சோன் நூல் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. பாரிஸுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தவள் அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்துவிட்டாள்.