மீன்பிடிப் பூனை: பிடித்து விடுவதா, கூட்டை அடைப்பதா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கோழி காணாமல் போனால் முதலில் எழும் பேச்சு, 'மீன்பிடிப் பூனையைப் பிடித்துக் காட்டில் விடுங்கோ' என்பதுதான். அன்றிரவு கூடு தப்பும். ஆனால் அந்தக் காட்டுக்கும் ஏற்கெனவே ஒரு பூனை சொந்தக்காரனாக இருக்கும். புதிதாக வந்தது அடிபடும், பட்டினி கிடக்கும், அல்லது பழைய இடம் தேடித் தெருவைக் கடக்கும்போது வாகனத்தில் அகப்படும். இங்கே காலியான இடத்துக்கும் வேறொன்று வந்துவிடும். அனுமதியின்றிப் பிடிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

கூட்டை அடைப்பதற்குக் கம்பி வலை, உறுதியான கதவு, நிலத்துக்குள் கொஞ்சம் புதைத்த அடிப்பக்கம் வேண்டும். காசு செலவாகும், உண்மை. பொழுதுபடக் கோழிகளை அடைக்கிற பழக்கமும் வேண்டும். ஆனால் இந்த விலங்கின் முக்கிய உணவு மீன்தான். அதன் பாதத்தில் விரல்களுக்கிடையே பாதிச் சவ்வும் உண்டு. கோழி எட்டாவிட்டால் வாவிக்கரைக் கண்டலுக்கும் நாணலுக்கும் திரும்பிவிடும்.

அழிவு ஆபத்திலுள்ள உயிரினங்களைக் காட்டும் இலங்கையின் செம்பட்டியலில் அருகிவரும் இனம் இது. நான் கூட்டை அடைப்பதன் பக்கமே. வலைக்கான செலவை ஏழை வீடுகளின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. பிரதேச சபை பொறுப்பெடுக்க வேண்டும்.