காது வில்லையா, மைக்ரோசிப்பா, வயிற்றுக் குண்டா?

மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையைப் பார்த்து, 'நாய்க்கே சிப் வந்துவிட்டது, மாட்டுக்கு இன்னும் இதுதானா?' என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று கறவை மாடு கட்டியிருக்கும் வீட்டுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி.

அந்த வில்லையில் 12 இலக்க எண்ணும் பட்டைக் குறியீடும் இருக்கும். காதின் நடுப்பகுதியில், ரத்தக் குழாய்களில் படாமல் இடம் பார்த்து, இடுக்கியால் ஒரே அழுத்து. கருவூட்டலும் தடுப்பூசியும் அந்த எண்ணின் பெயரில்தான் பதிவாகின்றன. மாடு இறந்துபோனால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பதும் வில்லையைத்தான். இதன் பெரிய பலம், படிப்பதற்குக் கண் இருந்தால் போதும் என்பது. சந்தையில் நிற்கும் யாரும் எண்ணைச் சொல்லிவிடலாம்.

பலவீனமும் அதே இடத்தில்தான். வெளியே தொங்குவது வேலியில் சிக்கும், காதைக் கிழிக்கும். துளை ஆறுவதற்குள் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். வேண்டுமென்றே வெட்டி எடுக்கவும் முடியும். விழுந்தால் உடனே புது வில்லை போட்டு, பழைய எண்ணோடு பதிவில் இணைக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு இழப்பீட்டுக்கு அலைகிறார்கள்.

மைக்ரோசிப் இந்தத் தொல்லைகளுக்கு அப்பாற்பட்டது. ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் பருமன் கொண்ட கண்ணாடிக் குழல். ஊசி வழியே தோலுக்கடியில் போய்விடும். பேட்டரி கிடையாது. ரீடர் என்ற படிக்கும் கருவி அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. நாய் எந்தத் தெருவில் திரிகிறது என்று அது சொல்லாது. ரீடரைச் சில அங்குல தூரத்துக்குக் கொண்டுபோனால்தான் வாயே திறக்கும்.

மாட்டுக்கு இதைப் போட்டால் ரீடர் இல்லாதவருக்கு அந்த எண் இல்லாததற்குச் சமம். இறைச்சிக்குப் போகும் கால்நடையில் இடம் நகர்ந்த சிப்பைத் தேடி எடுப்பது இன்னொரு தலைவலி. இருந்தாலும் கேரளம் பத்தனம்திட்டா மாவட்டத்தில் 2022இல் பசுக்களுக்கு இதை முன்னோட்டமாகத் தொடங்கியது.

நாய்க்கு நிலைமை வேறு. கழுத்துப்பட்டை கழன்றுவிடும். செல்ல நாயின் காதில் வில்லை மாட்ட யாருக்கும் மனம் வராது. சிப்புக்கு அங்கே போட்டியே இல்லை; சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய் உரிமத்தோடு அதைக் கட்டாயமாக்கியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டு, சிப் எண்ணோடு இணைந்த உரிமையாளர் பதிவில் திருத்தாமல் விட்டால், சிப் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

உள்ளே சிப் வைத்த மின்னணுக் காது வில்லை பெரிய மந்தைக்காரர்களின் கருவி. ஆஸ்திரேலியாவில் வரிசையாக ஓடும் மாடுகளை ஒடுங்கிய பாதையில் பொருத்திய ரீடர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ளும். ஆடு மாடுகள் விழுங்கும், உள்ளே சிப் வைத்த பீங்கான் குண்டு இன்னும் விசித்திரம்: தன் கனத்தாலேயே இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும், யாராலும் களவாட முடியாது. ஆனால் குண்டு உள்ளே இருப்பதே வெளியில் தெரியாது என்பதால் பிரிட்டனில் செம்மறிக்கு அதோடு வெளியில் தெரியும் ஓர் அடையாளமும் வேண்டும். இரட்டைச் செலவு.

நாய்க்குச் சிப் போடப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்ற சர்வதேசத் தரமா என்று கேளுங்கள். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் சிப்பை எல்லா ரீடரும் படிக்காது. ஊசி போடுவதற்கு முன்பே சிப்பை ரீடரில் காட்டச் சொல்லுங்கள். போட்ட பிறகு மறுபடியும் படித்து, திரையில் வரும் எண்ணும் அட்டையில் ஒட்டிய எண்ணும் ஒன்றா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.